ஃபார்மட் செய்த பிறகும் திரும்பி வரும் புழு: அது நுழையும் வழிகளும் அதை நீக்கும் முறையும்

ஏழு கணினிகள் கொண்ட ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்திலிருந்து வந்த கேள்வி இது. ஆறு கணினிகளில் விண்டோஸ் 7 இருக்கிறது. ரசீது அச்சிடும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்காகவே வைத்திருக்கும் ஏழாவது கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களும் மைக்ரோசாஃப்டின் தளமும் மட்டும் திறப்பதில்லை, மற்ற தளங்கள் எல்லாம் திறக்கின்றன. விண்டோஸ் அப்டேட் தானாக நின்றுவிடுகிறது. மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி அமைத்தாலும் அது நிலைப்பதில்லை. ஊழியர்களின் பயனர் கணக்குகள் காரணமின்றிப் பூட்டிக்கொள்கின்றன. பென்டிரைவைச் செருகினால் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டுகளாகத் தெரிகின்றன. தொந்தரவு தந்த மூன்று கணினிகளை இருமுறை ஃபார்மட் செய்தும் இரண்டு நாட்களுக்குள் நிலைமை பழையபடி ஆகிவிட்டது. இந்தப் புழு எப்படி நுழைகிறது, அடியோடு நீக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் ஃபார்மட் செய்ததில் பிழை இல்லை. செய்த வரிசையில்தான் பிழை. தொந்தரவு தந்த மூன்றைச் சுத்தம் செய்துவிட்டு, யாரும் குறை சொல்லாத நான்கை அப்படியே விட்டிருக்கிறீர்கள். என் கணிப்பில், அந்த நான்கில் ஒன்றான எக்ஸ்பி கணினியிலிருந்துதான் புழு மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது. அது ஏன் அமைதியாக இருக்கிறது என்பதற்கும் தொழில்நுட்பக் காரணம் உண்டு; அதைக் கீழே சொல்கிறேன்.

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் வைரஸ் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் நீக்கும் வேலையில் இறங்கும்போது வைரஸுக்கும் புழுவுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிவிடுகிறது. வைரஸ் என்பது வேறொரு நிரலின் உடலில் ஒட்டிக்கொண்டு, அந்த நிரலை யாராவது இயக்கும்போது தானும் இயங்குவது. அது இன்னொரு கணினிக்குப் போக வேண்டுமானால் அந்தக் கோப்பை ஒருவர் சுமந்து செல்ல வேண்டும். புழுவோ தனி நிரல். ஓரிடத்தில் இயங்கத் தொடங்கியதும் அடுத்த கணினியைத் தானே தேடி, தானே நுழைந்து, தன் நகலை அங்கே இயக்கிவிடுகிறது. ஆகவே வைரஸை ஒரு கணினியின் நோயாகக் கருதி அந்தக் கணினிக்குள்ளேயே மருத்துவம் பார்க்கலாம். புழுவை ஒரு வலையமைப்பின் நோயாகத்தான் கருத வேண்டும்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, 2003 ஜனவரி 25 அன்று பரவிய எஸ்க்யூஎல் ஸ்லாமர் என்ற புழு. அதன் மொத்த அளவு 376 பைட்டுகள்தான். ஒரே ஒரு தகவல் பொட்டலத்தில் அடங்கிவிடும். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2000 என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்த அது, தொடக்க நிமிடத்தில் ஏறத்தாழ 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பத்து நிமிடங்களுக்குள் அந்த ஓட்டையுடன் இணையத்தில் இருந்த கணினிகளில் 90 சதவீதத்தைப் பிடித்துவிட்டது. இத்தனை செய்த அந்தப் புழு வன்தட்டில் ஒரு கோப்பைக்கூட எழுதவில்லை. நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்ததால், கணினியை அணைத்துப் போட்டால் போய்விடும். அணைத்துப் போட்ட கணினியை இணையத்தில் மீண்டும் இணைத்தால், சற்று நேரத்தில் திரும்பவும் தொற்றிவிடும். உங்கள் அலுவலகத்தில் நடப்பதும் இதேதான், வேகம் மட்டும் குறைவு. வெளியேற்றுவது எளிது, வாசலை அடைப்பதுதான் வேலை. அந்த வாசலுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் புழுவுக்கு வருகிறேன். பாதுகாப்புத் தளங்கள் மட்டும் திறக்காதது, அப்டேட் நிற்பது, மறைந்த கோப்புகள் அமைப்பு நிலைக்காதது, கணக்குகள் பூட்டிக்கொள்வது ஆகிய நான்கும் ஒன்றாக வந்தால் அது கான்ஃபிக்கர் என்ற புழுவின் முகம். டவுன்அடப் என்றும் கிடோ என்றும் வேறு நிறுவனங்கள் அதற்குப் பெயரிட்டிருக்கின்றன. 2008 நவம்பரில் தலைகாட்டிய இந்தப் பழைய புழு இன்றும் உயிரோடு இருப்பது வியப்பல்ல. யாரும் தொடாத, அப்டேட் காணாத கணினி ஒன்று எங்காவது மின்சாரத்தில் இருக்கும் வரை அது இருக்கும். ஷார்ட்கட் தொந்தரவு மட்டும் வேறொரு புழுவின் வேலை. ஒரே அலுவலகத்தில் இரண்டு வகைப் புழுக்கள் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒன்றுக்கு வழிவிட்ட கவனக்குறைவு மற்றதற்கும் வழிவிட்டிருக்கும்.

கான்ஃபிக்கர் பிடிவாதமானது, ஏனென்றால் அதன் வளர்ந்த வடிவத்துக்கு மூன்று வாசல்கள் உண்டு. ஒன்றை அடைத்தால் மற்ற இரண்டில் வரும்.

முதல் வாசல் விண்டோஸின் சர்வர் சேவை. ஒரு கணினியின் கோப்புகளையும் பிரிண்டரையும் மற்ற கணினிகளோடு பகிர்ந்துகொள்ள உதவும் சேவை இது. 445 என்ற போர்ட்டில், அதாவது வலையமைப்புத் தொடர்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வழியில், எப்போதும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். இன்ன ஃபோல்டர் வேண்டும் என்று வெளியிலிருந்து ஒரு பாதை வந்தால், அதில் உள்ள ‘ஒரு படி மேலே போ’ என்பது போன்ற குறிகளை நீக்கிப் பாதையைச் சுருக்கும் செயல்கூறு ஒன்று அந்தச் சேவைக்குள் இருக்கிறது. திட்டமிட்டு முறைகேடாக அமைக்கப்பட்ட பாதை ஒன்றை அதற்குக் கொடுத்தால், அது தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவக எல்லையைத் தாண்டி எழுதிவிடும். அங்கே, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்து வைத்திருக்கும் முகவரியும் அழிந்து, புழு எழுதிய முகவரி அதன் இடத்தில் அமர்ந்துவிடும். அவ்வளவுதான், சர்வர் சேவை தன் முழு அதிகாரத்தோடு புழுவின் கட்டளைகளை நிறைவேற்றத் தொடங்குகிறது. அந்தச் சிறு கட்டளைத் துண்டு, எந்தக் கணினியிலிருந்து தாக்குதல் வந்ததோ அதே கணினியைத் தொடர்புகொண்டு, புழுவின் முழு உடலை, மற்ற நிரல்கள் தமக்குள் ஏற்றி இயக்கும் டிஎல்எல் என்ற வகைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. கணினி முன்னால் ஆள் இருக்கவும் வேண்டியதில்லை. விண்டோஸ் 2000, எக்ஸ்பி, சர்வர் 2003 ஆகியவற்றில் இது கடவுச்சொல் இல்லாமலே நடக்கும். இதற்கான திருத்தம் எம்எஸ்08-067 என்ற எண்ணில் 2008 அக்டோபர் 23 அன்றே வெளியானது. புழு அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது.

உள்ளே நுழைந்த கான்ஃபிக்கர் அடுத்துச் செய்யும் காரியத்தில்தான் உங்கள் எக்ஸ்பி கணினி அமைதியாக இருப்பதன் விளக்கம் இருக்கிறது. தான் வந்த ஓட்டையை அது நினைவகத்தில் தானே அடைத்துவிடும். வேறு புழுக்கள் அந்த வழியே நுழைந்து கணினியைத் தடுமாறச் செய்துவிடக் கூடாது என்பதே காரணம். தன் சொந்த இனத்தின் புதிய வடிவம் வந்தால் மட்டும் அடையாளம் கண்டு உள்ளே விடும். இதனால் தொற்றுள்ள கணினி, தொற்றில்லாத ஓட்டைக் கணினியைவிட ஒழுங்காக ஓடுவதுபோலத் தோன்றும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2009 மார்ச் இறுதியில் இதையே புழுவுக்கு எதிராகத் திருப்பினார்கள்: அடைக்கப்பட்ட வாசலைத் தட்டினால் கான்ஃபிக்கர் தரும் பதில், மைக்ரோசாஃப்டின் உண்மையான திருத்தம் தரும் பதிலிலிருந்து சற்றே மாறுபடும், அந்த மாறுபாட்டை வைத்து, கணினியைத் திறந்து பார்க்காமலே வலையமைப்பு வழியாகத் தொற்றைக் கண்டுபிடிக்கும் கருவி பிறந்தது. என்மேப் என்ற இலவச ஸ்கேனரில் அந்தச் சோதனை இன்றும் கிடைக்கிறது.

இரண்டாம் வாசல் உங்கள் கடவுச்சொற்கள். விண்டோஸ் 7 கணினிகளில் முதல் வாசல் கிடையாது என்பதால், அவற்றில் புழு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வந்திருக்கும். வலையமைப்பில் உள்ள கணினிகளின் பயனர் பெயர்களைக் கேட்டு வாங்கி, தன்னோடு கொண்டுவந்த பட்டியலில் உள்ள இருநூற்றுக்கும் மேற்பட்ட எளிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக அது போட்டுப் பார்க்கும். ஒன்று இரண்டு மூன்று என்று தொடரும் எண்கள், அட்மின், பாஸ்வேர்டு, பயனர் பெயரையே திருப்பி எழுதியது என்று நாம் சோம்பலில் வைக்கும் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒன்று பொருந்திவிட்டால் தன் நகலை அந்தக் கணினியின் சிஸ்டம் ஃபோல்டரில் வைத்து, குறித்த நேரத்தில் இயங்கும்படி ஒரு பணியையும் அங்கே பதிந்துவிடும். பொருந்தாவிட்டால், பலமுறை தவறான கடவுச்சொல் வந்தது என்று விண்டோஸ் அந்தக் கணக்கைப் பூட்டிவிடும். ஊழியர்களின் கணக்குகள் பூட்டிக்கொள்வது இதனால்தான். அது புழு வெற்றி பெறாத கணினியின் அறிகுறி என்பதைக் கவனியுங்கள்; தொந்தரவு தெரியும் இடம் ஒன்று, தொற்று இருக்கும் இடம் வேறொன்று.

மூன்றாம் வாசல் பென்டிரைவ். 2008 டிசம்பர் இறுதியில் வந்த இரண்டாம் வடிவம் முதல் இது சேர்ந்தது. மறுசுழற்சித் தொட்டி போலப் பெயரிட்ட மறைந்த ஃபோல்டருக்குள் புழு தன் நகலை வைத்து, ஆட்டோரன் என்ற அறிவுறுத்தல் கோப்பை வெளியே எழுதும். அந்தக் கோப்பில் பொருளற்ற குப்பை நிறைய இருக்கும், நடுவே சில வரிகள் மட்டும் உண்மையானவை. பென்டிரைவைச் செருகியதும் விஸ்டாவில் எழும் பெட்டியில், ஃபோல்டர் படத்தோடு ‘கோப்புகளைக் காண ஃபோல்டரைத் திறக்கவும்’ என்ற வாசகம் இரண்டு இடங்களில் தெரியும். கீழே இருப்பது விண்டோஸுடையது. மேலே, நிரலை இயக்கு என்ற தலைப்பின் கீழ் இருப்பது புழுவுடையது. அவசரத்தில் இருப்பவர் மேலே உள்ளதைத்தான் அழுத்துவார். மனிதர்கள் கண்ணுக்கு முதலில் படுவதை அழுத்துவார்கள் என்று அறிந்து செய்த இந்த ஒரு தந்திரத்தை, அந்தப் புழுவின் மற்ற நுட்பங்கள் அனைத்தையும்விடக் கெட்டிக்காரத்தனமானதாக நான் கருதுகிறேன்.

உள்ளே குடியேறியதும் அது சிஸ்டம் ஃபோல்டரில் ஏதோவொரு அர்த்தமற்ற பெயரில் டிஎல்எல் கோப்பாக அமர்ந்து, விண்டோஸின் பொதுச் சேவைகளை இயக்கும் எஸ்விசிஹோஸ்ட் என்ற நிரலுக்குள் ஏறிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் தேடினால் சந்தேகப்படும்படி எதுவும் தெரியாது. சிஸ்டம் ரெஸ்டோரின் மீட்புப் புள்ளிகளை அழித்துவிடும்; அப்டேட், செக்யூரிட்டி சென்டர், டிஃபெண்டர் சேவைகளை நிறுத்தும்; பாதுகாப்பு நிறுவனங்களின் பெயர்ச்சொற்கள் அடங்கிய எந்த முகவரியைக் கேட்டாலும் பதில் வராதபடி முகவரி தேடும் பகுதியையே இடைமறிக்கும். பிறகு தன் எஜமானனின் கட்டளைக்காக நாளொன்றுக்கு 250 டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிகளை, கணக்கிட்டு உருவாக்கித் தட்டிப் பார்க்கும். அந்தப் பெயர்களை முன்கூட்டியே கணக்கிட்டுப் பதிவு செய்து பாதுகாப்பு நிறுவனங்கள் கூட்டாகத் தடுத்தபோது, 2009 மார்ச்சில் வந்த வடிவம் அந்த எண்ணிக்கையை நாளுக்கு 50,000 ஆக்கியது. ஏப்ரல் 1 அன்று உலக இணையமே நின்றுவிடும் என்று செய்திகள் அலறின. அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எழுதியவரைப் பிடிக்க உதவுவோருக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த 2,50,000 டாலர் பரிசும் பயன் தரவில்லை. இன்று அந்த எஜமானன் இல்லாவிட்டாலும் உங்களுக்கு நிம்மதி இல்லை, ஏனெனில் அப்டேட்டும் ஆன்டிவைரஸும் முடக்கப்பட்ட கணினிக்குள் அடுத்து வருபவருக்குத் தடை ஏதும் இருக்காது.

நீக்கும் வேலைக்கு ஒரு முழு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். அலுவலகம் பாதி இயங்கிக்கொண்டிருக்கும்போது இது முடியாது.

முதலில் ஏழு கணினிகளின் லேன் கேபிள்களையும் ஒரே நேரத்தில் ஸ்விட்சிலிருந்து கழற்றிவிடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். ஒன்றைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது, ஓட்டைப் படகில் நீரை இறைப்பது போன்றது. சுத்தமான கணினியொன்று வெளியே வேண்டும்; வீட்டிலிருந்து லேப்டாப் கொண்டுவரலாம், ஆனால் அதை இந்த அலுவலக வலையமைப்பில் இணைக்கவே கூடாது.

அந்த லேப்டாப்பில் தேவையானவற்றை இறக்கிக்கொள்ளுங்கள்: எக்ஸ்பிக்கான எம்எஸ்08-067 திருத்தம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை என்ற பணயப் புழு வந்தபோது எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக வெளியிடப்பட்ட எம்எஸ்17-010 திருத்தம், விண்டோஸ் 7-க்கான அதே திருத்தம், கான்ஃபிக்கர் நீக்கும் கருவி ஒன்று, கணினியைத் தன்னிலிருந்தே தொடங்கவைத்து வன்தட்டைச் சோதிக்கும் மீட்பு வட்டு ஒன்று. மைக்ரோசாஃப்டின் தீம்பொருள் நீக்கும் கருவி 2009 ஜனவரி முதலே கான்ஃபிக்கரை அறியும். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன. இவற்றைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நாற்பது கணினிகள் கொண்ட ஒரு கல்லூரி ஆய்வகத்தைச் சுத்தம் செய்யப் போனபோது, நீக்கும் கருவியைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு கணினியாகச் சென்றேன். மாலையில் அந்தப் பென்டிரைவைத் திறந்து பார்த்தால் அதிலேயே ஆட்டோரன் கோப்பு உட்கார்ந்திருந்தது. முதல் கணினியில் தொற்றியதை மருத்துவனான நானே கடைசிக் கணினி வரை சுமந்து சென்றிருக்கிறேன். அன்று முதல் டிவிடியில் எழுதித்தான் எடுத்துப் போகிறேன். டிவிடி எழுத வசதியில்லையென்றால், எழுதுவதைத் தடுக்கும் சிறு பொத்தான் உள்ள பென்டிரைவ் அல்லது எஸ்டி கார்டு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் அடுத்தது. நீக்கும் வேலையைத் தொடங்கும்போது நிர்வாகிக் கணக்கில், அதிலும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான நிர்வாகிக் கணக்கில், உள்ளே போவார்கள். கான்ஃபிக்கர் தான் இருக்கும் கணினியில் உள்நுழைந்திருப்பவரின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு மற்றக் கணினிகளைத் திறக்க முயலும்; கடவுச்சொல்லை ஊகிக்கும் வேலையே அதற்கு மிச்சமாகிவிடும். கேபிள்களைக் கழற்றியிருப்பதால் உங்களுக்கு இப்போது அந்த ஆபத்து இல்லை. இருந்தாலும் அந்தந்தக் கணினிக்கு மட்டும் உரிய கணக்கிலேயே நுழையுங்கள். பொதுக் கணக்கின் கடவுச்சொல்லைப் பிறகு எப்படியும் மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு கணினியையும் மீட்பு வட்டிலிருந்து தொடங்கி, விண்டோஸ் உறங்கிக்கொண்டிருக்கும் நிலையில் வன்தட்டு முழுவதையும் சோதிப்பது நல்லது. விண்டோஸ் ஓடும்போது புழு தன் கோப்பைப் பூட்டி வைத்திருக்கும். அதைப் படிக்கும் அனுமதியைக்கூட நீக்கி வைத்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது அந்தக் காவல்கள் எதுவும் செல்லாது. அதன் பிறகு விண்டோஸைத் தொடங்கி, நீக்கும் கருவியை ஒருமுறை ஓட்டிவிட்டு, மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள். திட்டமிட்ட பணிகளின் பட்டியலில், ஏடி என்ற எழுத்துகளும் ஓர் எண்ணுமாகப் பெயர் கொண்டு, ரன்டிஎல்எல்32 என்ற நிரலை அழைக்கும் பணிகள் இருந்தால் அழியுங்கள். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், எஸ்விசிஹோஸ்ட் ஏற்ற வேண்டிய சேவைகளின் பட்டியலில், நெட்எஸ்விசிஎஸ் என்ற பெயரின் கீழ், வாயில் நுழையாத எழுத்துக்கூட்டமாக ஒரு பெயர் இருந்தால் அது புழுவுடையது. பட்டியலின் கடைசியில் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெயரை மட்டும் நீக்க வேண்டும், பட்டியலையே அழித்துவிட்டால் பல சேவைகள் நின்றுவிடும். மூன்றாவதாக, சேவைகள் பகுதியில் அதே பெயரில் இருக்கும் கிளை. அது சிஸ்டம் ஃபோல்டரில் உள்ள எந்தக் கோப்பைச் சுட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, கிளையின் அனுமதிகளை மீட்டுக்கொண்ட பிறகே அழிக்க முடியும். ரெஜிஸ்ட்ரியைத் தொட்டுப் பழக்கமில்லாதவர் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். முதலில் அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புழு போனாலும் அது மாற்றிய அமைப்புகள் தாமாகத் திரும்புவதில்லை. அப்டேட், அதற்குத் துணையான பின்னணி இறக்கச் சேவை, டிஃபெண்டர், செக்யூரிட்டி சென்டர் ஆகியவற்றைத் தானாகத் தொடங்கும்படி கையால் மாற்றுங்கள். மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை இனி மாற்றிப் பாருங்கள். நிலைத்தால் நல்லது, நிலைக்காவிட்டால் ரெஜிஸ்ட்ரியில் அதற்குரிய செக்டுவேல்யூ என்ற மதிப்பைப் புழு 0 ஆக்கி வைத்திருக்கும், 1 என்று திருத்துங்கள். பழைய மீட்புப் புள்ளிகளை நம்ப வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகும் கேபிளை மாட்டும் நேரம் வரவில்லை. திருத்தங்களை ஏற்றுங்கள், எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் நீளமாக, கணினிக்குக் கணினி வேறாக மாற்றுங்கள், யாரும் பயன்படுத்தாத பகிர்வுகளை மூடுங்கள், விண்டோஸ் 7 கணினிகளில் கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பை அணையுங்கள். ஆட்டோரன் வசதியை எல்லா வகை டிரைவ்களுக்கும் நிறுத்திவிடுங்கள். எக்ஸ்பியில் அதற்கான அமைப்பு ஒரு காலத்தில் முழுமையாக வேலை செய்யாமல் இருந்தது, 2009 பிப்ரவரியில் வந்த அப்டேட்தான் அதைச் சரிசெய்தது, எனவே அந்த அப்டேட்டும் ஏறியிருக்க வேண்டும். புதிதாக ஃபார்மட் செய்யப்போகும் கணினிக்கும் இதே விதி: விண்டோஸை நிறுவுவதும் திருத்தங்களை ஏற்றுவதும் கேபிள் இல்லாமலே நடக்க வேண்டும். நீங்கள் இருமுறை ஃபார்மட் செய்தபோது, புதிய விண்டோஸ் ஏறியதும் அப்டேட் இறக்குவதற்காக முதலில் கேபிளை மாட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த இடைவெளி புழுவுக்குப் போதும்.

இனி பென்டிரைவ்கள். அலுவலகத்தில் உள்ளவை, ஊழியர்களின் பைகளில் உள்ளவை, வாடிக்கையாளர் கணக்கு கொண்டுவந்து மறந்துபோனவை, கேமரா கார்டுகள், வெளிப்புற வன்தட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சேருங்கள். ஆட்டோரன் நிறுத்தப்பட்ட, சுத்தமான கணினியில் ஒவ்வொன்றாகச் செருகிச் சோதியுங்கள். ஷார்ட்கட் தொந்தரவு இங்கேதான் தீரும். உங்கள் ஃபோல்டர்கள் அழியவில்லை. புழு அவற்றைச் சிஸ்டம் கோப்புகள் என்று குறியிட்டு மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கிறது. ஷார்ட்கட்டை அழுத்தினால் முதலில் மறைந்திருக்கும் ஸ்கிரிப்ட் ஓடும், பிறகு உண்மையான ஃபோல்டரும் திறக்கும். ஆகவே பயன்படுத்துபவருக்குச் சந்தேகமே வராது. ஷார்ட்கட்டுகளையும் அந்த ஸ்கிரிப்டையும் அழித்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் என்ற கட்டளையால் மறைவு, சிஸ்டம், படிக்க மட்டும் ஆகிய மூன்று குறிகளையும் உள்ஃபோல்டர்கள் உட்பட நீக்கினால் எல்லாம் வெளிவரும். தரவு போய்விட்டது என்று நினைத்துப் பென்டிரைவை ஃபார்மட் செய்து, இருந்த கணக்குகளையும் இழந்தவர்களை அறிவேன்.

கணினிகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் அரை மணி இடைவெளி விட்டு வலையமைப்பில் சேருங்கள். ஒவ்வொன்றிலும் ஆன்டிவைரஸ் நிறுவனம் ஒன்றின் தளத்தையும் மைக்ரோசாஃப்டின் தளத்தையும் திறந்து பாருங்கள். மற்ற தளங்கள் திறந்து இவை மட்டும் திறக்காவிட்டால் அந்தக் கணினி இன்னும் சுத்தமாகவில்லை. இதில் ஓர் எச்சரிக்கை: ஆன்டிவைரஸ் ‘புழு நீக்கப்பட்டது’ என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்தால் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பென்டிரைவ் எதுவும் செருகாத நேரத்தில், ஆளில்லாத இரவிலும் அந்த அறிவிப்பு வருகிறதென்றால், வலையமைப்பில் இன்னொரு கணினி அதை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அறிவிப்பு வரும் கணினியை விட்டுவிட்டு, அனுப்பும் கணினியைத் தேட வேண்டும். கணக்கு பூட்டப்பட்டதைப் பற்றிய பதிவு விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் இருக்கும்; தவறான கடவுச்சொல் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்ற பெயரும் அதிலேயே இருக்கும்.

எக்ஸ்பி கணினியைக் கடைசியில் சேருங்கள் என்று சொல்லத் தொடங்கி, சேர்க்கவே வேண்டாம் என்று சொல்லத்தான் மனம் வருகிறது. 2014 ஏப்ரலோடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. ரசீது அச்சிடுவது மட்டும்தான் அதன் வேலை என்றால் அதற்கு வலையமைப்பே தேவையில்லை. பிரிண்டரை இணையான போர்ட்டிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் வாங்கி வேறொரு கணினியில் மாட்டிவிட்டால் அந்தக் கணினியும் தேவையில்லை. விண்டோஸ் 7-க்கும் 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்துவிட்டதால், மற்ற ஆறையும் எப்போது மாற்றுவது என்று இப்போதே கணக்குப் போடுங்கள். அதுவரை எக்ஸ்பி கணினியை வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், கேபிளைக் கழற்றி ஸ்விட்சில் அதன் துளையை டேப் ஒட்டி மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது நல்லெண்ணத்தில் மறுபடி மாட்டிவிடுவார்கள்.